இரண்டாம் ஆட்டக்காரர்

மைனஸ் முப்பத்துநாலு.
சாஸ்கட்டூனில் ஆற்றின் மேல் ஆவி எழுந்து நடக்கிறது.
பல்கலைக்கழக விளையாட்டுக்கூடத்தின் நிலவறையில்,
துவைக்கும் இயந்திரங்களுக்கு அடுத்த அறையில்,
நாளைச் சதுரம் சதுரமாக நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

பச்சை என்றால் காலி.
சிவப்பு என்றால் யாரோ முந்திக்கொண்டார்கள்.
சாம்பல் நிறம், டார்லீன் இன்னும் முடிவு செய்யவில்லை.

பஸ் ஜன்னல் வழியே துண்டெறிந்து
இடம் பிடிக்கிற கூட்டத்தில் பிறந்தவள் நான்.
துண்டு கிடக்கும் இருக்கையில்
கொம்பன் வந்தாலும் உட்கார மாட்டான்,
உட்கார்ந்தால் சண்டை.
இருபதாயிரம் பேருக்கு
நூலில்லாமல் அதே துண்டை நெய்து தரச் சொல்லி
எட்டு மாத ஒப்பந்தம்.

டார்லீன் வாசில்யூ சொல்லச் சொல்லக் குறித்தேன்:
ஒருவருக்கு வாரம் மூன்று முறை.
கால்மணி தாமதித்தால் இடம் போச்சு.
ஸ்குவாஷுக்குத் தனியாள் கூடாது,
இரண்டாம் பெயர் கட்டாயம்.
பேட்மிண்டன்காரர்கள் கேட்டால் காத்திருக்கச் சொல்,
கைப்பந்துக்காரர்கள் கேட்டால் என்னைக் கூப்பிடு.
ஏன் அப்படி, என்றேன்.
அவர்கள் மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவார்கள், என்றாள்.
அதையும் நிரலில் எழுதினேன்,
வேறு பெயர் வைத்து.

மார்ச் இரண்டாம் ஞாயிறு
டொரொண்டோவின் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தாவின.
இந்த மாகாணம் தாவாது.
எனக்குத் தெரியும், டார்லீனுக்குத் தெரியும்,
இங்கே பசுவுக்குக்கூடத் தெரியும்.
டொரொண்டோவில் குளிரூட்டிய அறையில் கிடக்கும்
சர்வருக்கு யாரும் சொல்லவில்லை.
சொல்ல வேண்டியவள் நான்.

ஒன்பது மணிக் கைப்பந்தும்
பத்து மணிச் சக்கரநாற்காலி ரக்பியும்
ஒரே கதவின் முன்.
இரு பக்கமும் நான் அனுப்பிய மின்னஞ்சல்,
இரண்டிலும் என் பச்சை டிக்.
கைப்பந்து கடிதம் எழுதப்போவதாகச் சொன்னது.
ரக்பி உள்ளே போய்விட்டது.

அன்றிரவு பிழையைத் தேடி
வரிசை வரிசையாய் இறங்கும்போது கண்டேன்.
செவ்வாய், காலை ஆறு, கோர்ட் மூன்று.
முதல் ஆட்டக்காரர்: இமோஜன் ஃபேவெல்.
இரண்டாம் ஆட்டக்காரர்: ஃப்ரண்ட் வால்.

வால் என்று குடும்பப்பெயர் இந்தப் பக்கம் நிறைய.
மளிகைக்கடையில் ஒரு வால்,
என் பல் டாக்டர் ஒரு வால்
(ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்).
அதனால் கடந்துபோனேன்.
நாற்பது வரி தாண்டித்தான் மண்டையில் உறைத்தது:
முன்சுவர்.
பந்து போய் மோதித் திரும்புகிற சுவர்.

ஜனவரி முதல் பத்து வாரம்.
பிப்ரவரியில் ஒரே ஒரு ரத்து, காரணம் என்ற கட்டத்தில்:
அவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்.

வருகைப் பதிவைத் திறந்தேன்.
கைப்பந்து மூன்று தடவை சொல்லாமல் வரவில்லை.
ஃப்ரண்ட் வால்,
ஒரு நாள்கூடத் தாமதமில்லை.

விதிப்படி இது பொய்ப் பெயர்.
விதிப்படி நான் அவளைத் தடுக்க வேண்டும்.
டார்லீனிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
நெடுநேரம் திரையைப் பார்த்தாள்.
பிறகு, காலை ஆறு மணிக்கு
வேறு எவன் வரப்போகிறான், என்றாள்.

நேர வித்தியாசத்தைச் சரிசெய்தேன்,
நாலு வரி, வெட்கக்கேடு.
அதோடு இன்னொன்று.
இரண்டாம் பெயருக்குப் பக்கத்தில் இருந்த
சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிட்டேன்.
இனி அந்தக் கட்டம் வெறுமையாய் இருக்கலாம்,
யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கான பதிவு
வெள்ளி இரவே வந்தது.
இமோஜன் ஃபேவெல், கோர்ட் மூன்று, ஆறு மணி.

கட்டம் வெறுமையாய் இல்லை.
எழுத்துப் பிழையின்றி, முழுப்பெயரோடு,
ஃப்ரண்ட் வால்.